சமயத் தலைவர்கள் காட்டும் தலைமை

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் தலைமைப் பண்பு குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். தலைமை என்றவுடன் அரசியல் தலைவர்களையும் அலுவலக அதிகாரிகளையும் நினைப்பது இயல்பு. நாம் இன்று சமயத் துறையில் நின்று மக்களை நடத்திச் சென்ற சிலரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இதைக் கேட்டவுடன் நம் இளைஞர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது எமக்குத் தெரியும். "சமயந்தானே ஐயா நம்மைச் சேரியில் நிறுத்தியது? கோயில் வாசலை அடைத்ததும், குளத்து நீரை மறுத்ததும் அதன் பெயரால்தானே? அதனிடம் நாம் கற்கவேண்டியது என்ன இருக்கிறது?" என்று அவர்கள் வினவுவார்கள்.

அது நேர்மையான வினா. அதை அதட்டி அடக்குவது ஆசிரியர்க்கு அழகன்று. சமயத்தின் பெயரால் நம் முன்னோர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அதே சமயத் துறையிலிருந்துதான், அக்கொடுமைக்கு எதிராக முதற்குரல் கொடுத்த பெரியோர் பலரும் தோன்றினார்கள் என்பதும் வரலாறு. சட்டமன்றத்தில் நமக்கு இடமில்லாத காலம். வாக்குரிமை இல்லாத காலம். படித்தவரை ஊரில் விரல்விட்டு எண்ணும் காலம். அக்காலத்தில் மக்களை ஒன்றுகூட்டி, 'நீங்கள் எவருக்கும் தாழ்ந்தவர் அல்லர்' என்று சொல்ல வல்லவராய் இருந்தவர் பெரும்பாலும் சமயச் சான்றோரே. ஆகவே அவர்கள் எந்தக் கடவுளை வணங்கினார்கள் என்ற ஆராய்ச்சி இன்று நமக்கு வேண்டா. எவ்வாறு தலைமை தாங்கினார்கள் என்பதையே பார்ப்போம்.

தலைவர் யார் என்பதற்கு ஒரு சிறு உவமை சொல்கிறோம். பள்ளிகளில் வகுப்புத் தலைவன் என்று ஒரு மாணவனை அமர்த்துவதுண்டு. ஒருவன் கரும்பலகையில் பேசுவோர் பெயரை எழுதிவைத்துவிட்டு, ஆசிரியர் வந்தவுடன் அடிவாங்கித் தருவான். மற்றொருவன் கணக்குப் புரியாத பிள்ளையின் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பான். முதலாமவன் விடுப்பில் சென்றால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். இரண்டாமவன் வராத நாளிலும் பிள்ளைகள் தாமாகவே படித்துக்கொண்டிருப்பார்கள். தலைவன் இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்பதே தலைமைக்கு உரைகல். இந்த உரைகல்லில் சிலரை உரைத்துப் பார்ப்போம்.

முதலில் நாம் நினைவுகூர வேண்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர், சித்த மருத்துவர், தமிழிலும் பாலியிலும் ஆழ்ந்த புலமையுடையவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம்மைப் போன்றோர்க்கு அச்செய்தி ஒன்றே போதும், அவர்மீது பற்றுக்கொள்ள!

1892ஆம் ஆண்டு சென்னையில் மகாஜன சபையார் கூட்டிய மாநாட்டில் பண்டிதர் நம் மக்களின் கோரிக்கைகளை எடுத்துவைத்தார். கல்வி, நிலம் ஆகிய கோரிக்கைகளைச் செவிமடுத்த அவை, கோயிலில் வழிபடும் உரிமையைக் கேட்டபோது எதிர்த்து எழுந்தது. உங்களுக்கென்று உள்ள சிறு தெய்வங்கள் போதாவோ என்று ஏளனம் செய்தவரும் உண்டு. வேறொருவராயின் மனமுடைந்து வீடு திரும்பியிருப்பார். அல்லது அந்த வாசலிலேயே ஆயுள் முழுதும் நின்று கெஞ்சியிருப்பார். பண்டிதர் இரண்டையும் செய்யவில்லை. அடைத்த கதவை விட்டுவிட்டுத் தம் மக்களுக்கு உரிய வீடு எது என்று தேடினார். மணிமேகலை, திருக்குறள், வீரசோழியம் முதலிய நூல்களை ஆராய்ந்தார். சாதி தோன்றுவதற்கு முன் இம்மக்கள் பௌத்தர்களாய் வாழ்ந்தனர் என்ற முடிவுக்கு வந்தார். 1898ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்ச சீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

அவருடைய ஆராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்றைய வரலாற்று அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்களா என்பது வேறு செய்தி. தலைமை என்ற நோக்கில் அவர் செய்தது மிகப் பெரிது. 'கோயிலுக்குள் விடுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்த மக்களை, 'இந்நாட்டின் பழம்பெரும் குடிகள் நாங்கள்' என்று சொல்லவைத்தார். தலைகுனிந்த மக்கள் கூட்டம் ஒன்றைத் தலைநிமிரச் செய்வதற்கு முதலில் அதன் நினைவைத் திருத்த வேண்டும். அதை அவர் அறிந்திருந்தார்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' என்ற பெயருடன் வெளிவந்தது. விலையே பெயராக அமைந்த அந்த இதழ் யாருக்காக அச்சிடப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் உழைத்த தொழிலாளரும், கடல் கடந்து பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கச் சென்றோரும் அதைப் படித்தார்கள். சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், டர்பன் எனப் பரவின. திருமணத்தையும் ஈமச் சடங்கையும் தம்மவரைக் கொண்டே நடத்திக்கொள்ளும் முறைகளும் அச்சங்கங்களில் வகுக்கப்பட்டன. மணவறையிலும் மயானத்திலும் பிறர் தயவை எதிர்பாராத மக்கள், மற்ற இடங்களிலும் பிறர் தயவை எதிர்பாரார் அல்லவா?

பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். பின்னர் 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். காலப்போக்கில் பண்டிதரின் பெயரையே நாடு மறந்தது. ஆனால் நம் பெரியோர் சிலர் அந்தப் பழைய இதழ்களைப் பெட்டியில் வைத்துப் போற்றினார்கள். அன்பு பொன்னோவியம் அவர்கள் அவ்வாறு காத்தவர்களுள் ஒருவர். 1999ஆம் ஆண்டு ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவ்வெழுத்துக்களை நூல் தொகுதிகளாக வெளியிட்டது. அதன் பின்னரே பண்டிதர் மீண்டும் நாடறிந்தவர் ஆனார். 2005இல் அஞ்சல்தலை வந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை கிண்டியில் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. இளைஞர்களே, வரிசையைக் கவனியுங்கள். மணிமண்டபம் கடைசியில் வந்தது. முதலில் வந்தது எழுத்து. எழுத்தைக் காத்தவர்கள் இருந்ததனால் மண்டபமும் எழுந்தது.

அடுத்து, நம் அண்டை நாடாகிய கேரளத்தில் வாழ்ந்த ஸ்ரீ நாராயண குருவைப் பார்ப்போம். திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஈழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தமிழும் நன்கு கற்றவர். தமிழில் பதிகங்கள் பாடியவர். நாகர்கோவிலை அடுத்த மருத்துவாமலையில் தவமிருந்தவர். அக்காலத்துத் திருவிதாங்கூரில் ஈழவ மக்கள் பெருங்கோயில்களுக்குள் நுழைய இயலாது. கோயிலில் தெய்வத்தை நிறுவும் உரிமையோ பிராமணர்க்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்டது. 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், அருவிப்புரத்தில் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவினார் குரு. இதற்கு உமக்கு ஏது உரிமை என்று கேட்டவர்களிடம், தாம் நிறுவியது ஈழவச் சிவனை என்று அமைதியாக விடை சொன்னதாக வழிவழியாகச் சொல்வார்கள். அவ்விடையில் சினம் இல்லை, வசை இல்லை. கேட்டவர் மறுமொழி சொல்ல வழியும் இல்லை.

அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ள அமைந்த சிறு குழுவே வளர்ந்து, 1903ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் ஆயிற்று. குரு அதன் தலைவர்; கவிஞர் குமாரன் ஆசான் அதன் செயலாளர்; மருத்துவர் பல்ப்பு அதன் தூண். இங்கே ஒரு நுட்பம் உண்டு. துறவி ஒருவர், மருத்துவம் படித்த ஒருவர், கவிஞர் ஒருவர் ஆகிய மூவரும் தத்தம் திறனுக்கேற்ற பணியை மேற்கொண்டார்கள். எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்று குரு கருதவில்லை. நம் சங்கங்களில் தலைவரே கணக்கு எழுதி, தலைவரே வசூல் செய்து, தலைவரே ஒலிபெருக்கிக்கும் ஆள் தேடி, இறுதியில் தலைவரே களைத்துப் போவதைக் காண்கிறோம். திறனறிந்து வேலையைப் பகிர்ந்தளிப்பதும் தலைமையின் ஒரு கூறு.

கோயில் கட்டிய அதே குரு, காலம் மாறியபோது தாமும் மாறினார். 1917ஆம் ஆண்டில், இனிக் கோயில் கட்டுவதை விட்டுப் பள்ளிக்கூடங்களைக் கட்டுங்கள், அவையே கோயில்கள் என்ற கருத்தை மக்களுக்கு அறிவித்தார். பிற்காலத்தில் அவர் நிறுவிய சில கோயில்களில் தெய்வ உருவமே இல்லை. ஓரிடத்தில் விளக்கை வைத்தார். மற்றோரிடத்தில் நிலைக்கண்ணாடியை வைத்தார். திருமணம், பூப்பு நீராட்டு முதலியவற்றில் மக்கள் செய்துவந்த வீண்செலவைக் கண்டித்து, எளிய முறைகளை வகுத்தார். கள் இறக்குவது அச்சமூகத்தாரின் தொழிலாய் இருந்தும், கள்ளைத் தவிருங்கள் என்று அவர்களிடமே சொன்னார். கைதட்டல் கிடைக்கும் சொற்களை மட்டும் பேசுபவர் தலைவர் ஆகார். தம் மக்கள் கேட்க விரும்பாததையும் அன்புடன் எடுத்துரைப்பவரே தலைவர்.

இன்னும் அரிய செயல் ஒன்று உண்டு. யோகம் வளர்ந்தது. வளர்ந்த பின்னர் அதற்குள் சாதிப் பெருமையும் வளர்ந்தது. தமக்கு மேலுள்ளோரிடம் உரிமை கேட்டவர்களுள் சிலர், தமக்குக் கீழுள்ளோராகக் கருதிய புலையர் முதலிய மக்களைத் தொட மறுத்தார்கள். 1916ஆம் ஆண்டு குரு, பல்ப்பு அவர்களுக்குக் கடிதம் எழுதி, யோகத்தினின்றும் தாம் விலகிக்கொள்வதாக அறிவித்தார். தமக்குச் சாதி எதுவும் இல்லை என்றும் அவ்வாண்டிலேயே வெளிப்படையாகக் கூறினார். தம் பெயரால் நடைபெறும் சங்கம் தம் கொள்கையை மறந்தபோது, அச்சங்கத்தையே விட்டு விலகும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மறு ஆண்டு அவர் வழிவந்த சகோதரன் ஐயப்பன் செறாயியில் புலையர் பிள்ளைகளோடு சமபந்தி உண்டபோது, ஊரார் அவரை எதிர்த்தார்கள். குரு அவர் பக்கம் நின்றார். 1924ஆம் ஆண்டு வைக்கம் அறப்போர் தொடங்கியபோது, அங்கிருந்த தம் மடத்தைப் போராட்டத் தொண்டர்களுக்கு அளித்துப் பொருளுதவியும் செய்தார்.

குரு 1928ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில், சிவகிரிக்கு ஆண்டுதோறும் யாத்திரை செல்ல இசைவு கேட்டு அன்பர்கள் அவரிடம் வந்தார்கள். யாத்திரையால் என்ன பயன் என்று குரு அவர்களைக் கேட்டார். பின்னர் அவரே கல்வி, தூய்மை, கடவுள் பற்று, ஒற்றுமை, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என எட்டு நோக்கங்களை வகுத்தார். யாத்திரை வருவோர் இத்துறை அறிஞர்களின் சொற்பொழிவுகளைக் கேட்டு, ஊர் திரும்பி அவற்றைச் செயலாக்க வேண்டும் என்றார். திருவிழாக் கூட்டத்தைக்கூட வகுப்பறையாக்கிய அப்பெருமகனை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது.

மூன்றாவதாக, நம் மண்ணின் மைந்தர் சுவாமி சகஜானந்தர். 1890ஆம் ஆண்டு ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சமய நூல்களைக் கற்றுத் துறவு மேற்கொண்டு, சிதம்பரத்திற்கு வந்தார். சிதம்பரம் எத்தகைய ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். தில்லையைக் காண நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கி, திருநாளைப்போவார் எனப் பெயர்பெற்ற நந்தனார், தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் சென்றார் எனப் பெரியபுராணம் கூறும் ஊர்.

அவ்வூரில் சகஜானந்தர் நந்தனார் பெயரால் 1916ஆம் ஆண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய பள்ளி, நன்கொடைகளாலும் அவர்தம் அயரா உழைப்பாலும் மாணவர் விடுதியுடன் வளர்ந்தது. எந்த ஊரில் நம்மவர் ஒருவர் தீயின் வழியாகத்தான் உள்ளே செல்ல முடியும் என்று சொல்லப்பட்டதோ, அந்த ஊரில் நம் பிள்ளைகள் பள்ளியின் வாயில் வழியாக உள்ளே சென்றார்கள். சுவாமிகள் இதைப் பெரிய முழக்கமாக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தினார்.

காவி உடுத்தவர் சட்டமன்றத்திற்குப் போகலாகாது என்று அவர் ஒதுங்கவும் இல்லை. 1920களின் பிற்பகுதியிலேயே சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1957 தேர்தலில் சிதம்பரம் தொகுதியினின்று பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் மறையும்வரை உறுப்பினராய் இருந்தார். ஆட்சி மன்றத்தின் கதவைத் தட்டவும் தெரியும், அகரம் எழுதக் கைபிடிக்கவும் தெரியும் என்று வாழ்ந்தவர் அவர். இன்று சிதம்பரத்தில் அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் நடைபெறுகின்றன. சுவாமிகள் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பள்ளிகளில் காலை மணி ஒலிக்கிறது. முன்னே சொன்ன உரைகல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிதரும் சுவாமிகளும் ஒரே கொள்கையினர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். நந்தன் என்பவன் பௌத்த அரசன் என்று எழுதினார் பண்டிதர். நந்தனாரைச் சிவனடியாராகவே போற்றினார் சுவாமிகள். ஒருவர் இந்து சமயத்தை விட்டு வெளியேறினார். மற்றவர் அதற்குள்ளேயே நின்று உரிமை கேட்டார். நம் வீடுகளிலும் இந்துக்கள் உண்டு, கிறித்தவர் உண்டு, பௌத்தர் உண்டு, எச்சமயமும் வேண்டா என்பாரும் உண்டு. வழி வேறாயினும் இருவரும் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்பதை நாம் கருத வேண்டும்.

கிறித்தவ சமயத்திலிருந்து ஒருவரைச் சுருக்கமாகச் சொல்கிறோம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்கள், 1912ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் பணிசெய்த தோர்ணக்கல் தெலுங்கு நாட்டில் இருக்கிறது. அங்குத் திருச்சபையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மாலர், மாதிகர் ஆகிய தாழ்த்தப்பட்ட மக்கள். தமிழராகிய அவர் அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களிடையே வாழ்ந்து, சிற்றூர்தோறும் பணிபுரியத்தக்க ஊழியரைப் பயிற்றுவித்தார். அப்பயிற்சியில் அவர்தம் மனைவியர்க்கும் இடமளித்தார். ஆண்மகனை மட்டும் படிக்கவைத்தால் பாதி வீடுதான் படிக்கும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

இறுதியாக அண்ணல் அம்பேத்கர். அவரைச் சட்ட மேதை என்றும் அரசியல் தலைவர் என்றும் அறிவோம். அவர் சமயத் தலைவராகவும் விளங்கினார். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். இடையில் 21 ஆண்டுகள்! அறிவித்த மறுநாளே அவர் தழுவியிருக்கலாம். பல சமயத்தாரும் அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அவரோ கற்றார், ஒப்பிட்டார், எழுதினார், மக்களுக்கு விளக்கினார். தமிழகத்துப் பௌத்தப் பேரறிஞர், பண்டிதரின் காலத்தவர், பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலை, 1948ஆம் ஆண்டு தம் முன்னுரையுடன் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டுகளில் மக்கள் கல்விக் கழகத்தை 1945இல் நிறுவி, மும்பையில் 1946இல் சித்தார்த்தா கல்லூரியையும், ஔரங்காபாத்தில் 1950இல் மிலிந்த் கல்லூரியையும் தோற்றுவித்தார். கல்லூரிகளின் பெயரைப் பாருங்கள். சித்தார்த்தர் புத்தர், மிலிந்தர் பௌத்தத் துறவியிடம் வினாமேல் வினா எழுப்பிய மன்னர். நாகபுரியில் மூத்த பிக்கு சந்திரமணியாரிடம் தீக்கை பெற்ற அண்ணல், பின்னர்த் தாமே இலட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். 'என்னைப் பின்பற்றுகிறேன்' என்று எவரும் அங்கே உறுதி கூறவில்லை. தாம் இன்னது செய்வேன், இன்னது செய்யேன் என்று ஒவ்வொருவரும் தத்தம் வாயால் சொன்னார்கள்.

இவர்களிடம் பொதுவாகக் காணும் பண்புகள் எவை? மக்களுக்குத் தன்மதிப்பை ஊட்டினார்கள். அதை நிலைநிறுத்தச் சங்கம், பள்ளி, இதழ், கல்லூரி என ஓர் அமைப்பை விட்டுச் சென்றார்கள். தம்மைப் போல் பலரைப் பயிற்றுவித்தார்கள். தம் மக்களின் குறையைத் தம் மக்களிடமே எடுத்துச் சொன்னார்கள். அவசரப்படவில்லை.

சமயத்தின் பெயரால் கூட்டம் சேர்த்துக் காணிக்கை பெருக்கி, கேள்வி கேட்பவனைப் பாவி என்று ஒதுக்குவோரும் நாட்டில் உண்டு. அவர்களையும் மக்கள் தலைவர் என்றே அழைக்கிறார்கள். வேறுபாட்டை அறிவது எளிது. பக்தனின் முதுகு வளைந்துகொண்டே போனால் அது தலைமையன்று. அவன் எழுந்து நின்று தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால், அது தலைமை. இந்த அளவுகோலை அரசியல் தலைவர்க்கும் வைக்கலாம், சாதிச் சங்கத் தலைவர்க்கும் வைக்கலாம், தலைமையாசிரியர்க்கும் வைக்கலாம்.

இனி நம் சங்கத்திற்கு வருவோம். வெள்ளிவிழா நினைவாக எதை அமைப்பது என்ற பேச்சு சில மாதங்களாக நடந்துவருகிறது. சிலை வேண்டும் என்கிறார்கள் மூத்தோர். படிப்பகம் வேண்டும் என்கிறார்கள் இளைஞர் சிலர். இது குறித்து மனத்தாங்கலும் எழுந்துள்ளது. இரு சாராரும் எம் மதிப்பிற்குரியவர்கள். ஆகையால் எம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சிலையை இழிவாகப் பேசுவது தவறு. நம் குடியிருப்பின் முகப்பில் நீலச் சட்டையும் கையில் அரசியல் சட்ட நூலுமாக அண்ணல் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்த நெஞ்சங்கள் எத்தனையோ! அச்சிலைகளை உடைக்க வருவோர் இருப்பதே அவற்றின் வலிமைக்குச் சான்று. ஆயினும் நம் கையில் உள்ள நிதி ஒன்றுக்குத்தான் போதும் என்றால், படிப்பகமே முதலில் எழ வேண்டும் என்பது எம் துணிபு. பண்டிதரை மீட்டுத் தந்தது பெட்டியில் இருந்த பழைய இதழ்கள். குரு கோயிலுக்கு அடுத்துப் பள்ளியைச் சொன்னார். சகஜானந்தர் நந்தனார்க்குப் பள்ளி எழுப்பினார். அண்ணலின் கையிலும் புத்தகமே இருக்கிறது. அவர் கையில் உள்ளதை நம் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு சிலை வைப்போம். படிப்பகத்தின் முற்றத்தில் அச்சிலைக்கு இடம் விட்டுவைப்போம். பத்தாம் வகுப்புப் பிள்ளை மாலை வேளையில் விளக்கொளியில் அமர்ந்து படிக்க ஓர் இடமின்றி, தெருவிளக்கையும் திண்ணையையும் தேடும் நிலை நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. தலைமையாசிரியராகிய எமக்கு அது நன்கு தெரியும். கைப்பேசியில் எல்லாப் பாடமும் கிடைக்கும் என்பார்கள். ஒரே அறை கொண்ட வீட்டில், ஐவர் நடுவே, ஒரே கைப்பேசியில் எந்தப் பிள்ளை அமைதியாகப் படிக்கும்?

இன்னும் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. பொறுப்புகளை இளையோரிடம் ஒப்படையுங்கள். செயலாளர், பொருளாளர் பொறுப்புகளில் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரேனும், பெண் ஒருவரேனும் அடுத்த தேர்தலில் அமரட்டும். மூத்தோர் அருகிலிருந்து வழிகாட்டுங்கள். வரவு செலவுக் கணக்கைச் சங்கத்தின் சுவரில் ஆண்டுக்கு ஒருமுறை எழுதி ஒட்டுங்கள். கணக்கு வெளிப்படையாக இருக்கும் சங்கத்தில் வீண்பழிக்கு இடமில்லை.

மூன்றாவது, உட்பிரிவுப் பேச்சு. நம்முள்ளேயே ஒருவர் மற்றவரைத் தாழ்வாக நினைப்பதும், மற்றோர் உட்பிரிவின் பிள்ளைக்கு உதவித்தொகை தரத் தயங்குவதும் தலைதூக்குமானால், நாராயண குரு 1916இல் எழுதிய கடிதம் நமக்கும் எழுதப்பட்டதாகவே கொள்ள வேண்டும். நம் தெருவுக்கு அப்பால் வாழும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் படிப்பகத்தில் உரிமையுடன் வந்து அமர வேண்டும். அவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லையானால், நமக்கு மட்டும் வேறெங்கும் நாற்காலி கேட்கும் தகுதி நமக்கு இல்லை.

இளைஞர்களே! தலைவர் வானத்திலிருந்து இறங்கி வருவார் என்று காத்திராதீர்கள். காத்தவராயன் என்ற மருத்துவர் வீட்டுப் பிள்ளையும், முனுசாமி என்ற ஏழைப் பிள்ளையும் உங்களைப் போல் ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவர்களே. அவர்கள் தமக்குக் கிடைத்த கல்வியைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பெரிய மேடை தேட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மாலைகள், ஐந்து பிள்ளைகள், ஒரு பாடம். அதைத் தவறாமல் ஓராண்டு செய்து பாருங்கள். அதற்குப் பின் நீங்கள் ஊருக்குச் செல்லாத நாளில் அந்த ஐவரும் தாமாகவே கூடி அமர்ந்து படித்தார்கள் என்று கேள்விப்பட்டால், நீங்கள் தலைவர் ஆகிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். எவரும் உங்களுக்கு மாலை சூட்டாமல் போகலாம். அதனால் குறையொன்றும் இல்லை.

பொன்விழாக் காணும்போது இச்சங்கத்தின் மேடையில் இன்றைய மாணவர்கள் மூத்தோராய் அமர்ந்திருக்க வேண்டும். அன்று அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்வதற்கு, 'எங்கள் கையில் புத்தகம் கொடுத்தார்கள்' என்ற ஒரு வரியேனும் இருக்க வேண்டும். அதற்கான பணியை இவ்வெள்ளிவிழா நாளிலேயே தொடங்குவோம்.

வளர்க கல்வி! வாழ்க நம் சங்கம்!